வீல் நட்: வெளிப்பக்கம் கண்ணுக்கு, உள்பக்கம் உயிருக்கு
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் அடித்தள பார்க்கிங்கில் அம்பாசடர் உட்படப் பழைய கார்கள் சில இருப்பது உங்களுக்குத் தெரியும். அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இனி புதிது வராது. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு. பெயிண்ட், சீட் கவர், குரோம் பம்பர் எல்லாம் புதுப்பித்த பிறகும் சக்கரத்தில் துருப்பிடித்த நட்டுகள் பல்லைக் காட்டுகின்றன, என்ன செய்யலாம் என்று சிலர் கேட்டீர்கள். சென்னைக் கடற்காற்றும், போர் தண்ணீரில் வண்டி கழுவுவதும் சேர்ந்தால் நட்டு துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? ஹப் கேப் போட்ட வண்டியில் ஈரம் உள்ளேயே தங்கி, துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். நட்டின் வெளிப்பக்கத்துக்கு விருப்பம்போல் பெயிண்ட் அடிக்கலாம். உள்ளே இருக்கும் மரையிலும், சக்கரத்தின் துளையில் போய் உட்காரும் கூம்பு முகத்திலும் ஒரு சொட்டு பெயிண்ட்கூடப் படக்கூடாது.

காரணத்தைச் சொல்கிறேன். நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக லேசாக நீளுகிறது. இழுத்த ஸ்பிரிங் போல அது சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. சக்கரம் நிற்பது அந்த இழுவையால்தான். நீங்கள் ஸ்பானரில் போடும் பலத்தை நூறு ரூபாய் என்று வையுங்கள். சுமார் ஐம்பது ரூபாய் நட்டு உட்காரும் முகத்தின் உராய்வுக்குப் போய்விடும். நாற்பது ரூபாய் மரையின் உராய்வுக்கு. மிச்சம் பத்து ரூபாய்தான் ஸ்டட்டை இழுக்கிறது.

இப்போது மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவினால் என்ன ஆகும்? உராய்வுச் செலவு குறையும். அந்தப் பணமெல்லாம் இழுவைக் கணக்கில் ஏறும். அதே பலத்தில் இறுக்கினாலும் ஸ்டட் அளவுக்கு மேல் நீண்டு பழுதாகலாம். கூம்பு முகத்தில் பெயிண்ட் இருந்தால் கதை நேர்மாறு. ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கி உதிரும். நட்டு நகர்ந்திருக்காது, ஆனால் இழுவை போய்விடும். பிறகு நட்டு தானாகவே தளரும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் நான்கு சக்கரத்துக்கும் பவுடர் கோட்டிங் செய்து வாங்கினார். பட்டறையில் நட்டு உட்காரும் துளைகளை மறைக்காமல் கனமாகப் பூசியிருந்தார்கள். நெடுஞ்சாலையில் முன் சக்கரத்திலிருந்து டக் டக் என்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் ஐந்து நட்டில் மூன்றைக் கையாலேயே திருக முடிந்தது. குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டு உடனே நிறுத்தியதால் தப்பித்தார்கள்.

இனி செய்முறை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் போதும். நட்டு திரும்ப மறுத்தால் முரட்டுத்தனம் வேண்டாம். பழைய அமெரிக்க கார்கள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கும். அதை எதிர்த்திசையில்தான் கழற்ற வேண்டும்.

கழற்றிய நட்டைப் பாருங்கள். மரை தேய்ந்திருந்தாலோ, ஆறு மூலைகள் உருண்டிருந்தாலோ, கூம்பு முகத்தில் குழி விழுந்திருந்தாலோ அதற்கு அழகு செய்வது வீண். அதே மரை, அதே கூம்பு உள்ள புது நட்டு வாங்கிப் போடுங்கள்.

நல்ல நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிறகு வெள்ளை வினிகரில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் துரு வந்துவிடும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு விட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி துரு படியும். மிச்சமிருந்த துத்தநாக முலாமையும் வினிகர் தின்றுவிடும். ஆகவே புதுப் பூச்சு கட்டாயம்.

பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பக்கத்து வண்டியையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும். அதோடு, ஆசிட்டில் உண்டாகும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரலாம்.

பூச்சுக்கு இரண்டு வழி. முதல் வழி, தொழிற்பேட்டையில் துத்தநாக முலாம் போடும் பட்டறை. துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். இது சில மைக்ரான் கனமுள்ள உலோகப் படலம். பெயிண்ட் போல நசுங்காது. எனவே கூம்பிலும் மரையிலும் இருக்கலாம். பெரும்பாலும் புது நட்டே அப்படித்தான் வருகிறது. குரோம் முலாம் பார்க்க அழகு. ஆனால் அதில் ஊசித் துளை விழுந்தால் அடியில் துரு பரவும், வெளியே தெரியாது.

இரண்டாவது வழி, வீட்டிலேயே பெயிண்ட். கனமான அட்டையில் நட்டின் கூம்பு மட்டும் இறங்கும் அளவுக்குத் துளைகள் போடுங்கள். கூம்பு கீழே இருக்கும்படி நட்டுகளை அதில் உட்கார வையுங்கள். மேல் துளையைக் கார்க்கால் அடையுங்கள். இப்போது வெளியே தெரிவது ஆறு பட்டை மட்டும். அதற்கு முதலில் பிரைமர், பிறகு மெல்லிதாக இரண்டு மூன்று கோட். நன்றாகக் காய இரண்டு நாள் விடுங்கள்.

மாட்டும்போது ஸ்டட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். நட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு நட்சத்திர வரிசையில், அதாவது ஒன்று விட்டு ஒன்றாக, இறுக்குங்கள். முழு இறுக்கம் வண்டி தரையில் இறங்கிய பிறகு, டார்க் ரெஞ்சால், உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு. காற்றுத் துப்பாக்கியால் அடிக்கச் சொன்னால் புதுப் பெயிண்டும் போகும், அளவும் தெரியாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சோதியுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பாதுகாப்புப் பூச்சின் முறை கடைசியில்தான். இறுக்கி முடித்த பிறகு நட்டின் வெளிப்பக்கத்திலும் ஸ்டட்டின் நுனியிலும் கார் மெழுகைத் துணியால் லேசாகத் தடவுங்கள். அப்போது அது இழுவையைத் தொடாது. மாதம் ஒருமுறை ஹப் கேப்பைக் கழற்றி ஈரம் துடைத்து, மெழுகைப் புதுப்பித்தால் போதும்.

இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். பயன்படுத்திய மண்ணெண்ணெயை நம் வடிகாலில் ஊற்றாதீர்கள். பாட்டிலில் சேர்த்து, பழைய இன்ஜின் ஆயில் எடுத்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். அடுத்து, சங்கத்தின் பராமரிப்பு அறையில் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வைக்கலாம். யார் எடுத்தார்கள், எப்போது திருப்பினார்கள் என்று ஒரு நோட்டு போட்டால் போதும். பழைய காருக்கு மட்டுமல்ல, பங்க்சர் போட்டு வரும் ஒவ்வொரு காருக்கும் அது உதவும். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.