பழைய ஆட்டமும் புதுப் பதிப்பும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் என் வயதுக்கும் உத்தியோகத்துக்கும் சற்றும் பொருந்தாதது என்று சிலர் எண்ணக்கூடும். மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். வயது நாற்பதைக் கடந்துவிட்டது. அப்படிப்பட்டவன் வீடியோ ஆட்டங்களைப் பற்றிப் பேசப் புகுந்தால் வியப்பாகத்தான் இருக்கும். ஆயினும் என்னை இப்பொருளுக்கு இழுத்து வந்தது தமிழ்தான்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து ஓர் ஆண் குரல் தமிழில் மறுமொழி சொல்லக் கேட்டது. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று எழுந்து போய்ப் பார்த்தால், அறையில் என் மகள் மட்டுமே கணிப்பொறி முன் அமர்ந்திருக்கிறாள். “அப்பா, இவங்க நம்மளை மாதிரியே பேசறாங்க!” என்றாள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பேசி, வீட்டுக்குள் மட்டும் தமிழைப் புழங்கும் குழந்தை அவள். வீட்டுக்கு வெளியே தமிழ் வந்து தன்னை அழைத்ததில் அவளுக்கு உண்டான மகிழ்ச்சியை, என்னைப் போல் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவள் ஆடிக்கொண்டிருந்தது ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்னும் ஆட்டத்தின் இரண்டாம் பாகம். அது எனக்கும் பழைய நண்பன்தான். 1999ஆம் ஆண்டு அது முதன்முதலாக வெளிவந்தது. நான் கல்லூரியில் வரலாறு படித்த நாளில், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துத் தோழர்களோடு அதை ஆடியிருக்கிறேன். சில குடியானவர்களை வைத்துக்கொண்டு மரம் வெட்டி, பொன் தோண்டி, பயிர் செய்து, கோட்டை கட்டி, படை திரட்டிப் பகைவனை வெல்ல வேண்டும். பிரித்தானியர், மங்கோலியர், ஜப்பானியர், துருக்கர் என்று பதின்மூன்று நாகரிகங்கள் அதில் இருந்தன. இந்தியா என்று ஒன்று அதில் இல்லை. போர் யானை மட்டும் இருந்தது. ஆனால் அது பாரசீகருக்கு வாய்த்திருந்தது. யானைக்காகவே நாங்கள் நால்வரும் பாரசீகராகச் சண்டையிட்டு மாய்ந்தோம்.

அந்த ஆட்டத்தை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009இல் மூடப்பட்டது. அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆட்டத்தின்மேல் பற்றுக்கொண்ட ரசிகர் சிலர், ஊதியம் எதுவுமின்றி, புதிய நாகரிகங்களைச் சேர்த்து 2012இல் ஓர் இணைப்பை வெளியிட்டார்கள். மறு ஆண்டே அது அதிகாரபூர்வமான வெளியீடாக ஏற்கப்பட்டது. அதில்தான் ‘இந்தியர்’ என்ற ஒரே பிரிவு நுழைந்தது. அவர்கள் பேசியது இந்தி. பின்னர் 2019இல் படங்களெல்லாம் புதிதாகத் தீட்டப்பட்ட பதிப்பு வந்தது. 2022 ஏப்ரலில் அந்த ஒற்றை இந்தியர் நால்வராகப் பிரிந்தனர்: இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர். திராவிடர் தமிழ் பேசுகிறார்கள். முதலாம் இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளைத் தொடர்ந்து ஆடும் கதையும் உண்டு.

இங்கே மொழிபெயர்ப்பாளனுக்குரிய தொழிற்புத்தி தலைகாட்டுவதைப் பொறுத்தருள வேண்டும். திராவிடரின் தனிப்படைக்கு ‘உருமி’ வீரர் என்று பெயர். வளைந்து நெளியும் அந்த வாளை நம் சிலம்பாசிரியர்கள் சுருள்வாள் என்பார்கள். உருமி மலையாள வழக்கு. நம்மூரில் உறுமி என்றால் கோயில் கொடையில் அடிக்கும் மேளம்! கப்பல் ஒன்றுக்குத் ‘திரிசடை’ என்று பெயர். அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்ன அம்மையார் கடலில் மிதப்பதைக் கண்டு நான் சிரித்துவிட்டேன். ஆனால் ‘ஊட்ஸ்’ எஃகு என்றொரு கலையை அவர்களுக்கு உரியதாக்கியிருப்பது மிகப் பொருத்தம். ஆங்கிலத்தில் வழங்கும் அச்சொல் கன்னட ‘உக்கு’ என்பதன் திரிபு என்பர். நம் ‘உருக்கு’ அதற்கு உடன்பிறப்பு. பெங்களூரில் இருந்துகொண்டு இதை மகளுக்குச் சொல்லும் வாய்ப்புக் கிடைத்ததே, அதற்கு நன்றி.

இனிப் பழையது சிறந்ததா, புதியது சிறந்ததா என்ற கேள்வி. புதுப் பதிப்பில் படங்கள் தெளிவு, வசதிகளும் பல. ஓர் உதாரணம் சொல்கிறேன். 1999இன் ஆட்டத்தில் வயல் விளைந்து ஓய்ந்துவிட்டால், நாமே போய் மறுபடி விதைக்கச் சொல்ல வேண்டும். மறந்தால் உழவன் கைகட்டி நிற்பான். படை பட்டினி கிடக்கும். இன்றைய பதிப்பில் வயல் தானாகவே விதைக்கப்படுகிறது. இது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் போர்க்களத்தில் முழங்கிக்கொண்டிருக்கும்போதே ‘வயல் என்ன ஆயிற்றோ’ என்று நெஞ்சின் ஓரத்தில் அரிக்கும் கவலை இருக்கிறதே, அதுதான் எனக்கு அந்த ஆட்டம். அது போய்விட்டது.

ஆகவே மூலத்தை மகளுக்குக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் கொண்டேன். பழைய வட்டு பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதைச் செருகத்தான் இன்றைய கணிப்பொறியில் இடமில்லை. பொங்கலுக்குத் திருநெல்வேலி போனபோது, அண்ணன் வீட்டில் போர்வை மூடிக் கிடந்த பழைய கணிப்பொறியை இயக்கினோம். நல்லவேளையாக உயிரோடு இருந்தது. மகள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “இதில நம்மாளுங்க எங்கேப்பா?”

மூலமே உயர்ந்தது என்று வாதாடி வந்தவன் நான். அந்தக் கேள்வியின் முன் வாயடைத்துப் போனேன். நான் போற்றிய மூலத்தில் அவளுக்கு இடமே இல்லை.

ஊர் திரும்பும் இரயிலில் யோசித்தபோது வேறொன்று தோன்றிற்று. 1999இல் உலகத்து இடைக்கால வரலாற்றை ஆட்டமாக்கியவர்களின் பட்டியலில் சோழருக்கு இடமில்லை என்பது ஒரு வரலாற்று உண்மை. பழைய வட்டு அழிந்து புதுப் பதிப்பு மட்டும் எஞ்சினால், நாம் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்தோம் என்று நாளைய பிள்ளைகள் நினைப்பார்கள். இருபத்து மூன்று ஆண்டு காத்திருந்து பெற்ற இடம் என்பது அவர்களுக்குத் தெரியாமற் போகும்.

இந்த அச்சம் வீணானதன்று. 2020இல் ‘வார்கிராஃப்ட்’ ஆட்டத்தின் மூன்றாம் பாகம் புதுப்பிக்கப்பட்டபோது, பழையதை வைத்திருந்தவர்களின் பிரதியும் சேர்ந்தே மாற்றப்பட்டது. 2021இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையின் மூன்று ஆட்டங்கள் புதுக்கோலத்தில் பிழை மலிந்து வெளிவந்தன. அதற்கு முன்பே பழையவற்றை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரசிகர் கூக்குரல் எழுப்பிய பிறகே கணிப்பொறிக்கான பழைய பதிப்புகள் மீண்டன. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று, இவற்றின் வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. நல்வழி இல்லாமலும் இல்லை. ‘மங்கி ஐலண்ட்’ என்ற ஆட்டத்தின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒரு விசையை அழுத்தினால் புதிய ஓவியம் மறைந்து பழைய ஓவியம் அப்படியே தோன்றும்.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அச்சு நூல் கைக்கு வந்துவிட்டதே என்று ஏடுகளை அடுப்பில் போடவில்லை. அவர் தேடித் தொகுத்த சுவடிகள் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் இன்றும் இருக்கின்றன.

என் மகள் இப்போது இராஜேந்திரனோடு கடாரம் நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். ஆனால் திருநெல்வேலியில் அன்று அரைமணி நேரம் பழைய ஆட்டத்தை ஆடினாளல்லவா? வயலை விதைக்க மறந்து, படை பசியால் வாட, தோற்றுப் போனாள். அந்தத் தோல்வி அவளுக்கு ஆறவில்லை. சென்ற வாரம் தன் பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, “அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுடாதீங்க பெரியப்பா, சித்திரைக்கு வரேன்” என்று சொல்லி வைத்திருக்கிறாள்.