மண்ணோடு வரும் மரக்கறி
(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலவாக்கலைச் சந்தையில் லீக்ஸ், கரட், கோவா, சலாது, வல்லாரை ஆகியன குவிந்து கிடப்பதை நாம் எல்லோரும் காண்கிறோம். நமது மலைநாடு தரும் இச்செல்வம் நமக்குப் பெருமையே. ஆயினும், அவ்விலைகளில் ஒட்டி வரும் மண்ணைப் பற்றியே இன்று சிந்திக்க விரும்புகிறோம்.

1916ஆம் ஆண்டிலேயே அமெரிக்க றொக்பெல்லர் தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். 1994 முதல் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கப்பட்டு வந்தது. அப்படியிருந்தும், 2009இல் தோட்டப் பாடசாலைகளில் நடந்த ஆய்வில் நூற்றுக்கு 29 பிள்ளைகளிடம் குடற்புழுக்கள் காணப்பட்டன. மருந்துண்டும் புழு மீள்வதேன்?

மருந்து வயிற்றிலுள்ள புழுவைக் கொல்லும்; மண்ணிலுள்ள முட்டையைக் கொல்லாது. பெண் வட்டப்புழு ஒன்று நாளொன்றுக்கு 2 இலட்சம் முட்டைகள் வரை இடும். அவை மலத்தோடு வெளியேறி, ஈரமண்ணில் சில வாரங்களில் தொற்றும் நிலையை அடைந்து, ஆண்டுக்கணக்கிலும் அழியாதிருக்கும். மலசலகூடம் இல்லாத இடத்து மழைநீர் மரக்கறிப் பாத்திக்கு ஓடினால், அம்முட்டை கீரையோடு நம் வீட்டுக்கே திரும்பி வரும்.

நன்கு கொதித்து வெந்த கறியில் அச்சமில்லை. பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரையும் சலாதுமே கவனத்துக்குரியவை. ஒருமுறை நனைத்தெடுப்பது கழுவுதல் ஆகாது. இலை இலையாகப் பிரித்து, ஓடும் சுத்த நீரில் பலமுறை கழுவ வேண்டும். கரட்டைக் கழுவித் தோல் சீவ வேண்டும். உப்பும் தேசிக்காய்ப் புளியும் முட்டையைக் கொன்றுவிடும் என நம்பியிருத்தல் தவறு.

சந்தை வியாபாரியை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கலாகாது. அவர் பிள்ளைகளும் அக்கீரையையே உண்கின்றனர். நாள் முழுதும் கொழுந்து கிள்ளி மாலையில் களைத்து வரும் தாயிடம், குழாயில் நீர் வராத லயத்தில், "இலை இலையாகக் கழுவுங்கள்" என்று உபதேசிப்பது நியாயமா? நீரும் மலசலகூடமும் எவரும் இரங்கித் தரும் சலுகைகள் அல்ல. நம் உணவைக் காக்கும் முதற்காவல்.

இளைஞர்களே! அம்மா வீடு திரும்புமுன் குடத்தில் நீர் நிரப்பி வைப்போம். கீரையை நாமே கழுவுவோம். லயம் லயமாகச் சென்று, மலசலகூடம் இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்து, பொறுப்பானவர்களிடம் எழுத்தில் கொடுப்போம். பெரியோர்களே! அந்நாளில் எங்களுடன் வந்து நில்லுங்கள்.