கூண்டு வண்டியும் வீட்டு வண்டியும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அழைத்தபோது, "நியூசிலாந்து போய் வந்தீங்களாமே, அதைப் பற்றி ஒரு அரை மணி நேரம் பேசுங்க, பிள்ளைகளுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் பேச்சு கரிவலம்வந்தநல்லூரில்தான் தொடங்கும். மன்னிக்க வேண்டும். நான் எங்கே போனாலும் அந்த ஊரிலிருந்துதானே புறப்பட வேண்டியிருக்கிறது!

சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் போகிற சாலையில் எங்கள் ஊர். பால்வண்ணநாதர் கோயில்தான் ஊருக்கு அடையாளம். சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை, தேவதானம் என்று இந்தப் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்கள் ஐந்து. எங்களுடையது அக்னித் தலம். வெயில் நேரத்தில் வந்து பார்த்தால், பெயர் சரிதான் என்று நீங்களே சொல்வீர்கள்.

1964ஆம் வருஷம் எனக்கு ஒன்பது வயது. சாரல் விழுந்துவிட்டது என்று செய்தி வந்ததும் தாத்தா குற்றாலத்துக்கு வண்டி கட்டினார். கூண்டு வண்டி. அடியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, பின்பக்கம் பித்தளைப் பானை, அரிசி, பருப்பு, விறகு எல்லாம் ஏற்றியாயிற்று. மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும் தனி மூட்டை. அச்சுக்குக் கீழே ஒரு அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். ராத்திரிச் சாப்பாடு முடித்துப் புறப்பட்டால் விடிகிறபோது புளியங்குடி. அங்கே ஒரு தோப்பில் மாட்டை அவிழ்த்துவிட்டு, மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டி, சோறு பொங்கிச் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் மறுபடி பூட்டுவோம். பிறகு கடையநல்லூர், தென்காசி. அருவிச் சத்தம் காதில் விழுவதற்கு இரண்டு ராத்திரி ஆகிவிடும்.

எங்களுக்கெல்லாம் அது சொர்க்கம். ஆச்சி மட்டும் வழி முழுக்க ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. நான் சொம்பை நீட்டினேன்.

"வேண்டாம்லே."

"தாகமா இல்லையா ஆச்சி?"

"குடிச்சா எறங்கணும்லா. நடுவழியில பொம்பள எங்க எறங்க?"

விடிவதற்கு முன்னால் இருட்டோடு இருட்டாக ஒரு தடவை, பொழுது அடைந்த பிறகு ஒரு தடவை. அவ்வளவுதான். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. ஆச்சிக்கு நம்மைப் போல் தாகம் எடுக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நியூசிலாந்து. மகளும் மாப்பிள்ளையும் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் நானும் என் மனைவியும் போயிருந்தோம். "மாமா, எட்டு நாள் மோட்டார்ஹோம்ல சுத்துவோம்" என்றார் மாப்பிள்ளை. வாடகைக்கு எடுக்கிற வீட்டு வண்டி. நம் பிள்ளைகளிடம் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரம் ஓய்வெடுக்கிற வண்டி என்பார்கள். இது நாமே ஓட்டிக்கொண்டு போகிற வீடு. அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் பயம் பாதி போய்விட்டது.

உள்ளே இரண்டு படுக்கை, காஸ் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, ஒரு மூலையில் கதவு போட்ட கழிப்பறை. எஞ்சினுக்கு ஒரு பாட்டரி, வீட்டு விளக்குகளுக்குத் தனியாக இன்னொரு பாட்டரி. முகாமுக்குப் போனால் ஒரு கேபிளைச் சொருகி 230 வோல்ட் மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். பாத்திரம் கழுவிய தண்ணீருக்குத் தனித் தொட்டி, கழிப்பறைக்குத் தனிப் பெட்டி. எதையும் சாலையோரத்தில் திறந்துவிடக் கூடாது. அதற்கென்று குறித்த இடங்கள் உண்டு. அங்கே போய்த்தான் கொட்ட வேண்டும்.

முதல் நாளே ஒரு பாடம் கற்றோம். புறப்படும் முன் அலமாரிக் கதவுகளைக் கொக்கி போட்டுப் பூட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் மனைவி ஒன்றை மறந்துவிட்டாள். முதல் வளைவில் இட்லிப் பொடி டப்பா பறந்து வந்து வண்டி முழுக்க மணம் வீசிற்று. எட்டு நாளும் அந்த வண்டி சங்கரன்கோவில் ஓட்டல் மாதிரி மணத்தது. திருப்பிக் கொடுக்கும்போது மகள் தேய்த்த தேய்ப்பு இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்!

மூன்று மணி நேர ஓட்டத்தில் டெக்காப்போ ஏரி. பனியாறு பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலந்துவிடுகிறது. அந்த மாவு வெயிலைச் சிதறடிப்பதால் ஏரி பாலில் நீலம் கலந்த மாதிரி இருக்கிறது. பால்வண்ணம்! அதைத் தாண்டி புக்காக்கி ஏரி. அதன் தலைமாட்டில் 3,724 மீட்டர் உயரத்தில் அவோராக்கி என்கிற குக் மலை. மலையடிவாரத்து முகாமில் இரண்டாம் ராத்திரி தங்கினோம். அந்த வட்டாரத்தை 2012இல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். விளக்கு வெளிச்சம் வானத்துக்குப் போகக் கூடாது என்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ராத்திரி பத்தரை மணிக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே ஒரு பெரிய நட்சத்திரம். நம் ஊரில் மாசி மாதத்தில் தெற்கே தாழ்வாகத் தெரிகிற அகத்திய நட்சத்திரம்தான் அது. பொதிகையில் உட்கார்ந்திருப்பதாக நாம் சொல்கிற அகத்தியர் அங்கே தலைக்கு மேலே வந்துவிட்டார். இயற்பியல் படித்தவன் நான். அட்சரேகை மாறினால் அப்படித்தான் தெரியும் என்பது தெரியும். இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தமிழுக்கும் அந்த நாட்டுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் வடக்குத் தீவில் ஃபாங்கரே பக்கம் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அது ஒரு உடைந்த கப்பல் மணி. அதன் மேல் தமிழ் எழுத்து. முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. எப்படி அங்கே போயிற்று என்பது இன்றுவரை புதிர். இப்போது வெலிங்டன் டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நாங்கள் தெற்குத் தீவில் மட்டும் சுற்றியதால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. தமிழன் கப்பலில் கட்டிய மணி எங்கோ ஒரு அடுப்பில் பானையாக உட்கார்ந்திருந்தது என்று நினைக்கும்போது எனக்குத் தாத்தாவின் வண்டிப் பானைதான் ஞாபகம் வந்தது.

இப்படி ஊர் ஊராகப் போய் இளைப்பாறுவது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கப்பற்படை மருத்துவர் குதிரை பூட்டிய வீட்டு வண்டி ஒன்றைச் செய்துகொண்டு இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை போனார். உல்லாசப் பயணத்துக்கு என்றே செய்த முதல் வண்டி என்று அதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். நம் மதுரை ராணி மங்கம்மாள் அதற்கு ஏறக்குறைய 200 வருஷம் முன்பே சாலை போட்டு, மரம் வைத்து, கிணறு வெட்டி, சத்திரம் கட்டினாள். வழியில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, வழிப்போக்கனின் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட கல் அது. முகாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. வழிப்போக்கனுக்கு என்ன தேவை என்று யோசித்த ஜனங்கள் நாம். எங்கேயோ நடுவில் யோசிப்பதை நிறுத்திவிட்டோம்.

நண்பர்களே, இவ்வளவும் சொல்லிவிட்டு, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன்.

2019இல் நாங்கள் பத்துப் பேர் வேன் பிடித்து மூன்று நாள் கோயில் சுற்றினோம். ஊர் திரும்பிய மறுநாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்றார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா, "பயணத்துல தண்ணி குடிக்கலையாம்மா?" என்று கேட்டபோது இவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவன் நான். டீக்கடை டீக்கடையாக இறங்கிக் குடித்தவன். வேனுக்குள் ஒருத்தி தொண்டை காய உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. என் ஆச்சி 1964இல் சொன்ன பதில் 2019இலும் அப்படியே இருந்திருக்கிறது.

இப்போது நியூசிலாந்து மலைச்சாலையில், மூன்றாவது நாள் என்று நினைக்கிறேன், பின் ஸீட்டில் ஏதோ சத்தம். திரும்பிப் பார்த்தால் இவள் பாட்டிலைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருக்கிறாள். "என்னங்க பாக்குறீங்க? தாகம்" என்றாள். அவ்வளவுதான். ஏரியும் பனிமலையும் பார்த்தபோது வராத கண்ணீர் எனக்கு அப்போது வந்தது.

முதல் நாள் காலையில் கழிப்பறைப் பெட்டியைக் கொட்டிக் கழுவ மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டாம் நாள், "கொடுங்க மாப்பிள்ளை, நான் போறேன்" என்று வாங்கிக்கொண்டேன். கொட்டும் இடத்தில் வரிசை. எனக்கு முன்னால் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, பின்னால் ஒரு லாரி டிரைவர். அவரவர் பெட்டி அவரவர் கையில். குட் மார்னிங் சொல்லிக்கொள்கிறார்கள், கழுவுகிறார்கள், போகிறார்கள். அறுபத்தெட்டு வயதுவரை என் வீட்டு அசுத்தத்தை நான் கையால் தொட்டதில்லை. யாரோ ஒருவர் எனக்காகத் தொட்டிருக்கிறார். யார் என்று கேட்டதுகூட இல்லை. கூச்சமாக இருந்தது. நாலாம் நாளுக்குப் பிறகு கூச்சம் போய்விட்டது.

அந்த ஜனங்கள் பிறவியிலேயே யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி அசுத்தம் செய்தவர்கள் இருந்தார்கள். அதனால்தான் 2011இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2023இல் அதை இறுக்கி, வண்டியோடு நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருந்தால்தான் தன்னிறைவு வண்டி என்று சான்று தருவோம் என்றார்கள். சட்டம், அதற்கேற்ற வசதி, தினமும் கழுவுகிற பழக்கம். மூன்றும் சேர்ந்துதான் அந்த அழகு.

நம் பக்கத்திலும் வண்டி வந்துகொண்டிருக்கிறது. மலைக்கு அந்தப் புறம் கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, அடுத்த வருஷம் வாகமணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. நல்லதுதான். ஆனால் வண்டி வாங்கக் காசிருப்பவனுக்கு மட்டும் வழியில் வசதி என்றால் என் ஆச்சிக்கு என்ன லாபம்?

கடைசியாக ஒன்று. போன மாதம் என் தங்கை பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். நம் கல்லூரியில்தான் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காலை ஏழு மணி பஸ், வீடு திரும்ப ஆறு மணி. பையில் தண்ணீர் பாட்டில் நிறைய அப்படியே இருந்தது. "ஏம்மா குடிக்கலை?" என்றேன். "காலேஜ்ல குடிக்க மாட்டேன் தாத்தா" என்றாள். காரணம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லை.

நம் சங்கத்தின் நிதியில் கல்லூரி வாசலில் அலங்கார வளைவு கட்டலாம் என்று ஒரு தீர்மானம் இன்று வரப்போகிறது. வளைவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் கட்டுவோம். இந்த வருஷம் அந்தப் பணத்தில் மாணவியருக்குத் தண்ணீர் வரும், தாழ்ப்பாள் விழும் கழிப்பறைகள் கட்டுவோம். கட்டுவது சுலபம், தினமும் கழுவுவதுதான் கஷ்டம். அதனால் வட்டிப் பணத்தைப் பராமரிப்புக்கும், அந்த வேலையைச் செய்கிறவருக்கு மரியாதையான சம்பளத்துக்கும் ஒதுக்குவோம். நியூசிலாந்துக்கு இன்னொரு தடவை போகச் சேர்த்து வைத்திருக்கும் தொகையை முதல் நன்கொடையாக நான் தருகிறேன். என் மனைவிக்கும் சம்மதம். அவள்தான் சொல்லச் சொன்னாள்.

அடுத்த ஆண்டு இதே கூட்டத்துக்கு வரும்போது நான் பேச்செல்லாம் பேச மாட்டேன். அந்தப் பிள்ளையின் பாட்டிலை மட்டும் வாங்கிப் பார்ப்பேன். அது காலியாக இருக்க வேண்டும்.