செருப்பை வரையும் கை யாருடையது?



இத்தாலியில் ஒரு காலணி வடிவமைப்புக் கூடத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் முடிந்து, போன மாதம் அரியலூர் திரும்பினேன். பார்க்கிறவர்கள் எல்லாம், ‘அங்கே என்ன கத்துக்கிட்ட?’ என்று கேட்கிறார்கள். வேலை கற்றுக்கொண்டேன். லாஸ்ட் என்கிற கால் அச்சின்மேல் கோடு போடுவது, அதைத் தாளுக்கு மாற்றி பேட்டர்ன் வெட்டுவது, எந்தப் பக்கம் இழுத்தால் தோல் நீளும் என்று கையாலேயே கண்டுபிடிப்பது.

அங்கே மூன்று தலைமுறையாகச் செருப்புத் தைக்கும் குடும்பம் அதைப் பெயர்ப்பலகையில் எழுதி வைத்துக்கொள்கிறது. இங்கே அதே வேலையைக் காட்டித்தான் ஒரு சமூகத்தை இழிவுபடுத்தினார்கள். தைத்துக் கொடுத்தவரையே, ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வைத்தார்கள்.

வெளிநாடு போய் வந்தால் இது மாறிவிடுமா? 1917-இல் பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால், லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார் அம்பேத்கர். கொலம்பியாவில் படித்தவருக்கு பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி பெயரில் ஒரு விடுதியில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. அதனால்தான் பிற்பாடு அவர் சட்டத்தின்மேல் அவ்வளவு உழைத்தார். நானும் இன்று சான்றிதழைப் பற்றிப் பேச வரவில்லை, ஒரு சட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில், எறையூர் சிப்காட்டை 2022 நவம்பரில் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டே அங்கே காலணி ஆலை வந்துவிட்டது. வேலை வந்ததை நான் வரவேற்கிறேன். மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணை வீட்டில் அவ்வளவு எளிதாக அடக்க முடியாது. ஆனால் அங்கே தயாராகும் க்ராக்ஸ் ஓர் அமெரிக்க பிராண்டு. தைக்கிற வேலை எறையூருக்கு வந்திருக்கிறது. வரைகிற வேலை எப்போது வரும்? வந்தால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள்?

அந்த நாற்காலிக்குப் போகும் வழிதான் இன்டர்ன்ஷிப். படிப்பு முடித்ததும் நான் சென்னையில் ஏறி இறங்கிய இடங்களில், ‘சம்பளம் கிடையாது, அனுபவம் கிடைக்கும்’ என்றார்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவரின் மகள் ஆறு மாதம் சென்னையில் எதைச் சாப்பிட்டுக்கொண்டு அனுபவம் சேர்ப்பாள்? ‘உன் சாதி என்ன?’ என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை. வாடகையே வடிகட்டிவிடும். இத்தாலியில் உதவித்தொகை கொடுத்தார்கள், அதனால் போக முடிந்தது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். பழகுநருக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். அறிவிக்கப்பட்ட தொழில்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்ற பிரிவு 1973-இல் சேர்க்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோருக்கு 2007-இல் சேர்க்கப்பட்டது. தனியார் துறையில் இடஒதுக்கீடே கூடாது என்கிறார்களே, பயிற்சியில் அது ஏற்கெனவே சட்டமாக இருக்கிறது! ‘அப்ரண்டிஸ்’ என்று எழுதினால் பணமும் கொடுக்க வேண்டும், இடமும் ஒதுக்க வேண்டும். ‘இன்டர்ன்’ என்று எழுதினால் இரண்டும் இல்லை. ஒரு சொல்லை மாற்றியே உரிமையைக் கழற்றிவிடுகிறார்கள்.

நாம் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, நம் மாவட்ட ஆலைகளில் எத்தனை பழகுநர்கள், எந்தெந்தப் பிரிவினர், என்னென்ன தொழிலில் இருக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம். இரண்டு, அரசு நிலத்தில் ஆலை நடத்துகிறவர்கள் தையலோடு நிறுத்தாமல் வடிவமைப்பிலும் உதவித்தொகையுடன் பயிற்சி இடம் தர வேண்டும், அதில் இடஒதுக்கீடு வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்போம்.

மனுவை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பேட்டர்ன் வெட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லித் தருகிறேன்.