வானத்தை வரைந்தால் கோபுரம்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் யாராவது முக்காலி போட்டு, மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தால் கடன் வசூலிக்க வந்தவர் என்று பயப்பட வேண்டாம். அர்பன் ஸ்கெட்சர்ஸ் பினாங்கு குழுக்காரராக இருக்கலாம். கண்ணெதிரே இருப்பதை அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரையும் இந்த இயக்கத்தை 2007இல் தொடங்கிவைத்தவர், சியாட்டில் நகரப் பத்திரிகையாளரும் ஓவியருமான காப்ரியேல் காம்பனாரியோ.

நாற்பது வயதில் பென்சில் பிடிப்பவர் முதலில் தன் கையைத்தான் திட்டுகிறார். பாவம், கை என்ன செய்யும்? சன்னல் என்றதும் மூளை சட்டென்று ஒரு சதுரத்தை எடுத்து நீட்டிவிடுகிறது. தெருமுனையில் நின்று பார்த்தாலோ, அதே கடைவீட்டுச் சன்னல் சாய்ந்து ஒடுங்கித் தெரியும்.

அமெரிக்க ஓவிய ஆசிரியர் பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு ஒரு குறும்பான வழி சொன்னார். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் பிக்காசோ வரைந்த கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்து, பார்த்து வரைய வேண்டும். அப்போது மூக்கு மூக்காகத் தெரியாது, வெறும் வளைவாகிவிடும். முடித்து நிமிர்த்திப் பார்த்தால் வரைந்தவருக்கே நம்ப முடியாது! வலது மூளை, இடது மூளை என்று அவர் தந்த விளக்கத்தை நரம்பியலாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் பயிற்சி பலிக்கிறது.

இன்னொரு வழி, வெற்றிடத்தை வரைவது.

ஜார்ஜ் டவுனின் குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலின் கோபுரத்தில் எத்தனை சுதைச் சிற்பங்கள்! எண்ணினாலே பென்சில் நடுங்கும். அவற்றை விட்டுவிட்டு, சுற்றியுள்ள வானத்தின் விளிம்பை மட்டும் கோடாக இழுத்தால் கோபுரம் தானாக எழுந்து நிற்கும். சாமிகளைப் பிறகு ஒவ்வொருவராக உட்காரவைத்துக்கொள்ளலாம்.