வெளிமான் ஏன் குன்றேறியது?



திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் போகிறவர்கள் வல்லநாட்டைக் கடக்கும்போது வறண்ட குன்று ஒன்றைப் பார்க்கலாம். கல்லும் முள்ளும் உடைமரமும் மண்டிய அந்தக் குன்றில்தான் வெளிமான்கள் வாழ்கின்றன. 1987இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது, பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் இதுவே தென்கோடி.

அந்த விலங்கின் முகவரி அதன் பெயரிலேயே இருக்கிறது. வெளி என்றால் திறந்த நிலம். தொலைவில் வரும் ஆபத்தைக் கண்டுகொள்ளப் பக்கவாட்டில் அமைந்த பெரிய கண்கள், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவல்ல மெலிந்த கால்கள், கூட்டமாக மேயும் இயல்பு எல்லாமே புல்வெளிக்காக உருவானவை. கல்லுக்கும் புதருக்கும் நடுவே அந்தக் கால்களுக்கு என்ன வேலை? சுற்றியிருந்த சமவெளி உழவுக்கும் ஊருக்கும் நாற்கரச் சாலைக்கும் போன பிறகு மானுக்கு மிஞ்சியது குன்று. இதையும் ‘தகவமைப்பு’ என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடலாம். எழுதினால் அது பிழை என்பதே இந்தத் தலைமையுரையின் வாதம்.

ஒட்டகத்தின் திமிலோடு பள்ளிக்கூடத்தில் அறிமுகமாகும் அந்தச் சொல்லுக்குள் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக உடம்பே மாறி ஓரிடத்துக்குப் பொருந்துவது ஒன்று. ஒரு விலங்கு தன் ஆயுளுக்குள் பழக்கத்தை மாற்றிக்கொண்டு நாளை ஓட்டுவது மற்றொன்று. முன்னதைத் தகவமைப்பு என்போம். பின்னதற்குச் சமாளிப்பு என்ற பேச்சுவழக்குச் சொல்லே போதும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தாமிரபரணிப் படுகையைப் போல வசதியான இடம் அரிது. பொதிகை உச்சி 1,868 மீட்டர். ஆறு கடலில் கலப்பது புன்னைக்காயலில். நடுவே ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். அதற்குள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் வந்துவிடுகின்றன. தெற்கே செம்மணல் தேரியைச் சேர்த்துக்கொண்டால் பாலையும் உண்டு. ஐந்திணையும் எங்கள் ஊரிலேயே என்று நெல்லைக்காரர்கள் மார்தட்டுவதில் பாதிக்குமேல் உண்மை.

மலையிலிருந்தே தொடங்கலாம். களக்காடு–முண்டந்துறைக் காட்டில் ஓடையோரம் ஈத்தை மூங்கில் அடர்ந்து நிற்கும். அதன் கணுக்களுக்கு இடையே, பூச்சியோ எலியோ துளைத்த சிறு பிளவு வழியாக உடம்பை நெருக்கி உள்ளே நுழைகிறது ஒரு பச்சைத் தவளை. ராவோர்செஸ்டஸ் சலசோடெஸ் என்பது அதன் அறிவியல் பெயர். 1876இல் பெயர் சூட்டப்பட்டு, பிறகு நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், 2011இல் மீண்டும் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்ட இனம் அது. முட்டைகள் மூங்கிலின் உட்கூட்டில் இடப்படுகின்றன. அங்கேயே தங்கிக் காவல் காப்பது ஆண். தண்ணீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே இதற்குக் கிடையாது. முட்டையை விட்டு வெளிவருவது முழுமையான குட்டித் தவளை. கே.எஸ். சேஷாத்ரியும் உடன் ஆய்வாளர்களும் இந்த இனப்பெருக்க முறையைப் பதிவு செய்தபோது, தவளை உலகத்துக்கே அது புதுச் செய்தியாக இருந்தது. இது தகவமைப்பு. ஈத்தையை வெட்டிவிட்டால் இந்தத் தவளை வேறு வீடு பார்த்துக்கொள்ளாது.

நீர்நாய்களிடம் இன்னும் நுட்பமான பாடம் கிடைக்கும். மலையோடையில் வாழும் சிறுநக நீர்நாய்க்கு நகம் குட்டை. விரல்நுனி வெளியே நீண்டிருப்பதால் கல்லிடுக்கில் தடவி நண்டைப் பிடிக்கிறது. அணைத்தேக்கத்திலும் அகன்ற ஆற்றிலும் கூட்டமாய் மீன் வேட்டையாடுவது வேறொரு நீர்நாய், உடலில் பெரியது. ஒரே ஆற்றில் இருந்தாலும் உண்ணும் இரையும் தேடும் இடமும் வேறு என்பதால் சண்டைக்கு இடமில்லை.

சமவெளிக்கு வந்தால் கணக்கு சிக்கலாகிறது. கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து திபெத், மங்கோலியா போன்ற மேட்டுநிலங்களில் குஞ்சு பொரிப்பது. இமயத்தைத் தாண்டும்போது 7,000 மீட்டருக்கு மேலும் பறந்தது பதிவாகியிருக்கிறது. காற்று மெலிந்த அந்த உயரத்திலும் ஆக்சிஜனை இறுகப் பற்றும் ஹீமோகுளோபின் அதன் இரத்தத்தில் இருக்கிறது. நாங்குநேரி வட்டாரக் குளக்கரையில் புல் மேய்வதற்கு அந்த இரத்தம் தேவையே இல்லை! பயணத்துக்கென அமைந்த உடம்பு அது. நெல்லை அதன் சத்திரம்.

கூந்தன்குளத்தில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டுகின்றன. பறவை மனிதனுக்குப் பழகியது என்று சொல்வது வழக்கம். ஆனால் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பவர்கள் ஊர்க்காரர்கள். எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக்கிக்கொண்டவர்களும் அவர்கள்தான். தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூரிலும் கதை இதேதான். பறவைகளுக்காக அந்த ஊர் 2005இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இங்கெல்லாம் யார் யாருக்குத் தக அமைந்தார்கள் என்று கேட்பதே பொருத்தம். கூந்தன்குளத்துக்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்ததில் பாதிப் பெருமை அந்தத் தெருக்களுக்குச் சேரும்.

இனி சிங்கவால் குரங்கு. களக்காடு சரணாலயம் 1976இல் உருவானதே இதற்காகத்தான். கக்கச்சிப் பகுதியின் தொடர்ச்சியான மழைக்காட்டில் வெடிபலா மரங்களே இதன் சோறு. வேறு பழங்கள் அருகிப்போகும் கோடையில் வெடிபலாப் பூ கைகொடுக்கும். தரையில் இறங்க வேண்டிய தேவை அங்கே அரிதிலும் அரிது. இதே குரங்கை வால்பாறைப் புதுத்தோட்டத்தில் பார்த்தவர்களுக்கு இது வேறு இனமோ என்று தோன்றும். தேயிலைக்கு நடுவே தீவுபோல் மிஞ்சிய சிறு சோலையில் கூட்டம் பெருகி, தார்ச்சாலையில் நடக்கிறது, கூரையில் ஏறுகிறது, அடுக்களைக்குள் கைவிடுகிறது. சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் கயிற்றுப்பாலம் கட்டித்தர வேண்டியதாயிற்று. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் புதுத்தோட்டத்துக் குரங்கு வெற்றி பெற்றதுபோல் இருக்கும். வண்டிச் சக்கரத்தையும் மின்கம்பியையும் கணக்கில் சேர்த்தால்தான் அந்தச் சமாளிப்பின் விலை தெரியும்.

அரிக்கொம்பன் இவ்வட்டாரத்துக்கு வந்த விருந்தாளி. ரேஷன் கடை அரிசியை ருசி கண்டு அப்படிப் பெயரெடுத்த அந்த யானை 2023 ஏப்ரலில் கேரளத்துச் சின்னக்கானலில் பிடிபட்டு, பெரியாறு காட்டில் விடப்பட்டது. மே மாதம் கம்பம் நகருக்குள் புகுந்தது. ஜூனில் மறுபடி பிடிபட்டு, கழுத்துப் பட்டையோடு மேல் கோதையாறு காட்டுக்கு வந்து சேர்ந்தது. செப்டம்பரில் மாஞ்சோலை மலையின் நாலுமுக்குத் தேயிலைத் தோட்டப் பக்கம் எட்டிப் பார்த்தது. காட்டை மாற்றிக் கொடுத்தவர்களால் நாக்கை மாற்றிக் கொடுக்க முடியவில்லை.

அந்த மாஞ்சோலையே இப்போது பெரிய ஆய்வுக்களம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன மலை அது. 2028இல் முடிய வேண்டிய குத்தகை, அதை எடுத்திருந்த தேயிலை நிறுவனம் முன்கூட்டியே விலக முடிவெடுத்ததால், 2024இல் தொழிலாளர் வெளியேற்றம் வரை வந்துவிட்டது. தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்களின் துயரம் தனியே பேசப்பட வேண்டியது. விலங்கியலாருக்கு எழும் கேள்வி வேறு. கவாத்து நின்று தேயிலைச் செடி மரமாக உயரும்போது முதலில் திரும்பி வருவது எது? கடம்பையா, கரடியா, சிங்கவால் குரங்கா? வருவது தகவமைந்த குடியா, சமாளிக்கும் வழிப்போக்கனா? இன்றே குறிப்பேட்டைத் திறந்தவர்களுக்குத்தான் இருபது ஆண்டு கழித்து விடை கையில் இருக்கும்.

கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ‘தகவமைந்துள்ளது’ என்ற சொல் வருமிடத்தில் சற்று நின்று, உடம்பா பழக்கமா, எத்தனை தலைமுறை, என்ன விலை என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். கோப்பில் கையெழுத்திடும் அதிகாரிக்கு அந்த ஒரு வரி முக்கியம். மான்தான் குன்றுக்குப் பழகிவிட்டதே, அடிவார நிலம் எதற்கு என்று அவர் கேட்கக்கூடும்.

நாளைய களப்பயணம் வல்லநாட்டுக்கு. வெயில் ஏறினால் மான்கள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும் என்பதால் வண்டி ஐந்து மணிக்கே கிளம்பும். முதல் அமர்வு நீர்நாய் பற்றியது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.