பேழைக்கு வெளியே நின்றவை

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நோவாவின் கதையைக் குழந்தைகள் வார்டில் சொல்வது சுலபம் என்றே எண்ணியிருந்தேன். யானை, ஒட்டகச்சிவிங்கி, வானவில். பெரும்பாலான படப்புத்தகங்களும் அவ்வளவோடு நிறுத்திவிடுகின்றன.

நீங்கள் அனுப்பிய பெட்டியில் பீட்டர் ஸ்பியரின் ‘நோவாவின் பேழை’ இருந்தது. நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓவியர் அவர். 1977-இல் வெளியான இந்நூல் 1978-இல் கால்டிகாட் பதக்கம் பெற்றது. தொடக்கத்தில் ஒரு பழைய டச்சுக் கவிதை; பிறகு ஏறக்குறைய எல்லாம் படம்தான். நோவா பேழைக்குள் சாணம் அள்ளுகிறார் (நம் வார்டு ஆயாக்களுக்குப் பிடித்த பக்கம்!). ஆனால் ஓரிடத்தில், பேழைக்குள் சேராத மிருகங்கள் வெளியே நிற்கின்றன, தண்ணீர் ஏறுகிறது.

அதை நான் சட்டென்று புரட்டிவிட்டேன். பல வாரமாய்ப் படுக்கையிலிருக்கும் ஆறு வயதுச் சிறுமி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இதெல்லாம் என்னாச்சு, பாஸ்டர் தாத்தா?”

ஆதியாகமம் ஏழாம் அதிகாரம் மறைக்காததை நான் எப்படி மறைப்பது? “செத்துப்போச்சும்மா” என்றேன்.

பக்கத்துக் கட்டில் முந்தின இரவுதான் காலியாகியிருந்தது. அதைக் காட்டி, “அவனும் வெளிய நின்னானா?” என்றாள்.

“இல்லம்மா. அவனை ஆண்டவர் உள்ளே தூக்கிக்கிட்டார்.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “சரி, முதல்லேருந்து காட்டுங்க” என்றாள்.